கணக்குக் கேட்பது கீழ்ப்படியாமையா?

கேள்வி: எங்கள் சபையின் காணிக்கைக் கணக்கைக் காட்டும்படி சிலர் கேட்டபோது, "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடக்கூடாது" என்று சொல்லிப் போதகர் மறுத்துவிட்டார். எபிரெயர் 13:17இன்படி நாங்கள் அடங்கிப்போவதுதான் சரியா?

பதில்: போதகர் எடுத்தாண்டது சங்கீதம் 105:15. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாய்த் திரிந்த நாள்களில், ராஜாக்கள் அவர்களுக்குக் கேடு செய்யாதபடி தேவன் காத்ததையே அந்தப் பகுதி சொல்கிறது. ஊழியரிடம் விசுவாசிகள் கணக்குக் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்" என்று சொல்லி, தம்மைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின்மேல் கைபோட மறுத்த தாவீதையும் இந்த இடத்தில் பலர் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிப்பவர்கள் குறைவு. என்கேதியின் கெபியில் சவுலைக் கொல்லாமல் விட்ட அதே தாவீது, வெளியே வந்து, முகங்குப்புற வணங்கி, ராஜாவின் அநியாயத்தை அவர் முகத்துக்கு முன்பாகவே, தாம் அறுத்தெடுத்த அவருடைய சால்வைத் தொங்கலைச் சாட்சியாகக் காட்டி எடுத்துரைத்தார். சவுல் அழுது மனம் வருந்திய பிறகும்கூட அவரோடு அரண்மனைக்குத் திரும்பாமல், தம் மனுஷரோடு அரணான இடத்துக்கே ஏறிப்போனார். அவருடைய பணிவில் மரியாதை இருந்தது, வாய்மூடிய மௌனம் இல்லை.

எபிரெயர் 13:17 கீழ்ப்படியச் சொல்வது உண்மைதான். ஆனால் நடத்துகிறவர்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் சொல்ல வேண்டியவர்கள் என்ற காரணத்தையும் அதே வசனம் கூறுகிறது. மந்தையை இறுமாப்பாய் ஆளக்கூடாது என்று மூப்பர்களுக்குப் பேதுரு எழுதியதையும் அதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரமே போதும். எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைத் தாம் தனியே கையாளாமல், சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஒரு சகோதரனையும் கூட்டிச் செல்ல ஏற்பாடு செய்த பவுல், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுவதாகக் காரணம் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட சாட்சி இன்றைய போதகருக்குத் தேவையில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை ஏற்கலாகாது என்கிறது 1 தீமோத்தேயு 5:19. ஆகவே ஆராதனை முடிந்து வாசலில் நின்று முணுமுணுப்பதை விட்டுவிட்டு, சபைக் குழுவின் கூட்டத்தில், எழுத்து மூலமாக, பெயரிட்டுக் கேளுங்கள். அப்போதும் மறுத்தால் உங்கள் சபைப் பிரிவின் மேல்நிலை நிர்வாகத்திடம் முறையிடுங்கள். பவுலும் தம் வழக்கில் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயமிட்டு மேல்முறையீடு செய்தவர்தான்.

கேள்வி: பொய்க் கணக்கு எழுதும்படி மேலதிகாரி சொன்னால்?

பதில்: எழுதக்கூடாது. ஆனால் மறுப்பதற்கு முன் தானியேல் 1ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாது என்று தீர்மானித்த தானியேல், பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி பணிவாக வேண்டிக்கொண்டு, அதிகாரிக்கும் ஒரு வழி காட்டினார். நீங்களும் உண்மையான கணக்கையே தயாரித்து, அதனால் நிறுவனத்துக்கு உண்டாகும் பாதுகாப்பை எடுத்துச் சொல்லலாம். அதற்கும் அவர் இணங்காவிட்டால் மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்ற அப்போஸ்தலர் 5:29 உங்களுக்குப் பொருந்தும். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அப்போஸ்தலர்கள் அடிக்கப்பட்டார்கள் என்பதையும், வேலை போகக்கூடும் என்பதையும் அறிந்தே முடிவெடுங்கள்.