பத்து நிமிடப் பேச்சில் பேயர்ன் மியூனிக்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜெர்மனியின் கால்பந்துக் கிளப் பேயர்ன் மியூனிக் என்றால் அவளுக்கு உயிர். பள்ளியில் ஏதாவது ஒரு விளையாட்டுக் கிளப்பின் வரலாற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஆண்டு என்ன கோப்பை என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். ஆனால், "அது பணக்காரக் கிளப், காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்" என்று வகுப்பில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எதைச் சொல்லலாம், எதை விடலாம், அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அந்த நான்கு பக்கத்தையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் மேடைக்கு அது வேண்டாம். 2025 வரை ஜெர்மன் சாம்பியன் பட்டம் 34 முறை, ஜெர்மன் கோப்பை 20 முறை, ஐரோப்பிய சாம்பியன் கோப்பை 6 முறை. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். கேட்பவர்களும் அதற்கு மேல் எண்களை நினைவில் வைக்கப் போவதில்லை.

பேச்சை 1963இல் தொடங்கச் சொல்லுங்கள். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று மியூனிக்கின் ஸ்வாபிங் பகுதியில் ஓர் உணவகத்தில் 11 பேர் கூடி, தாங்கள் இருந்த உடற்பயிற்சிச் சங்கத்தை விட்டுப் பிரிந்து இந்தக் கிளப்பை ஆரம்பித்தார்கள் என்பதும் நல்ல கதைதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் பேயர்ன் உருவான இடம் 1963. அந்த ஆண்டுதான் மேற்கு ஜெர்மனி முழுவதற்கும் ஒரே லீக்காகப் புண்டஸ்லிகா தொடங்கியது. 16 அணிகளுக்கு இடம். பேயர்னுக்கு இடமில்லை.

மியூனிக்கில் அப்போது பெரிய அணி "1860 மியூனிக்" என்ற கிளப். தெற்கு மண்டல லீக்கில் அந்த ஆண்டு முதலிடமும் அவர்களுக்குத்தான். ஒரே ஊரிலிருந்து இரண்டு அணி வேண்டாம் என்று ஜெர்மன் கால்பந்துச் சங்கம் முடிவு செய்ததால் பேயர்ன் இரண்டாம் நிலை லீக்கிலேயே நின்றுவிட்டது. பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கப் பணம் கிடையாது. இருக்கிற பையன்களை வைத்துத்தான் ஆட வேண்டும் என்ற நிலை. அந்தப் பையன்கள் யாரென்றால், கோல் வலையில் செப் மையர், அவருக்கு முன்னால் ஃப்ரான்ஸ் பெக்கன்பவர், எதிரணியின் கோலுக்கு முன்னால் கெர்ட் முல்லர்.

முல்லர் நோர்ட்லிங்கன் என்ற சிற்றூரிலிருந்து 1964இல் வந்தவர். குள்ளம், தடித்த தொடை. பயிற்சியாளர் சைக்கோவ்ஸ்கி அவரைக் "குட்டிக் குண்டு முல்லர்" என்றே கூப்பிடுவார். பிறகு அவர் புண்டஸ்லிகாவில் 427 ஆட்டங்களில் 365 கோல் அடித்தார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

பெக்கன்பவர் பேயர்னுக்கு வந்த விதத்தை உங்கள் மகள் கட்டாயம் சொல்ல வேண்டும், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கீசிங் பகுதியில் பிறந்த தபால் ஊழியரின் மகன் அவர். அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு 1860தான் எல்லாம். அவரும் அங்கே சேரத்தான் நினைத்திருந்தார். அதற்கு முன் சிறுவர்களுக்கான ஒரு போட்டியில் அதே 1860 அணிக்கு எதிராக ஆடும்போது, எதிரணிப் பையன் ஒருவன் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டான். அவ்வளவுதான், "இவர்களோடு சேர மாட்டேன்" என்று பேயர்ன் பக்கம் திரும்பிவிட்டார். அந்த ஓர் அறை ஜெர்மன் கால்பந்தின் திசையையே மாற்றியது என்று சொன்னால் மிகையில்லை என்பது என் கருத்து.

1965இல் பேயர்ன் முதல் நிலை லீக்குக்கு ஏறியது. ஏறுவதற்கு முன் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய கடைசி சீசனில் மட்டும் 146 கோல். 1966இல் ஜெர்மன் கோப்பை, 1967இல் பல நாடுகளின் கோப்பை வென்ற அணிகள் மோதும் ஐரோப்பிய 'கோப்பை வென்றோர் கோப்பை', 1969இல் லீக்கும் கோப்பையும் சேர்ந்து. இவற்றை ஒரே மூச்சில் கடந்துவிடலாம். 1972இல் சற்று நிற்க வேண்டும். ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பெரிய மைதானம் அந்த ஆண்டு பேயர்னுக்குக் கிடைத்தது. 80,000 பேர் வரை பார்க்கலாம். அந்தக் காலத்தில் கிளப்புக்கு முக்கிய வருமானம் டிக்கெட் காசுதான். சிறிய மைதானத்தில் ஆடிய மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் பேயர்ன் கையில் சட்டென்று பணம் புரள ஆரம்பித்தது இங்கேதான். வரிசையைக் கவனியுங்கள். முதலில் பையன்கள், பிறகு வெற்றி, அதற்குப் பிறகு மைதானம், பணம்.

அடுத்தது 1974. இதற்கு இரண்டு நிமிடம் முழுதாக ஒதுக்கச் சொல்லுங்கள். மே 15, பிரஸ்ஸல்ஸ் ஹைசல் மைதானம், ஐரோப்பிய சாம்பியன் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே அட்லெட்டிகோ மாட்ரிட். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 114ஆம் நிமிடம், லூயிஸ் அரகோனஸ் ஒரு ஃப்ரீ கிக்கை வளைத்து உள்ளே போடுகிறார். மையர் அசையக்கூட இல்லை. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. அப்போது பந்து யாரிடம் வருகிறதென்றால், ஹான்ஸ் கியார்க் ஸ்வார்ட்சென்பெக்கிடம். தடுப்பாட்டக்காரர். பெக்கன்பவர் முன்னேறிப் போகும்போது பின்னால் காவல் நிற்பது அவர் வேலை. கோல் அடிப்பார் என்று யாரும் எதிர்பார்க்காத மனிதர். பந்தைக் கொடுக்க ஆள் தெரியவில்லை. வெகு தூரத்திலிருந்து தாழ்வாக ஓங்கி ஓர் உதை. பந்து கோல் கம்பத்தின் ஓரமாக உள்ளே போய்விட்டது. 120ஆம் நிமிடம், 1–1.

சமனானால் மாறி மாறிப் பெனால்டி அடித்து முடிவு செய்யும் ஷூட் அவுட் அப்போது இறுதி ஆட்டத்துக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் மறு ஆட்டம். இந்தக் கோப்பையின் வரலாற்றிலேயே மறு ஆட்டம் நடந்த இறுதி அது ஒன்றுதான். பேயர்ன் 4–0. ஊலி ஹோனஸ் இரண்டு, முல்லர் இரண்டு. ஒரு ஜெர்மன் கிளப் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அந்த ஜூலையில் மியூனிக்கிலேயே நடந்த உலகக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனி நெதர்லாந்தை வென்றபோது, களத்தில் இருந்த 11 பேரில் ஆறு பேர் பேயர்ன்காரர்கள். 1975, 1976 ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பை அவர்களுக்கே.

இனி நீங்கள் கேட்ட பணக் கேள்வி. இதில் மழுப்பக் கூடாது. இன்று பேயர்ன் பணக்காரக் கிளப்தான். ஜெர்மனியில் அதன் வருமானத்தோடு போட்டி போட இன்னொரு கிளப் இல்லை. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டம் வென்றதில் அந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல ஆட்டக்காரர்களைப் போட்டி அணிகளிடமிருந்தே இழுத்துக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்மைதான். ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி 2014இல் டோர்ட்மண்டிலிருந்துதான் வந்தார். உங்கள் மகள் இதைத் தானே முதலில் ஒப்புக்கொள்ளட்டும். பிறகு, "ஆனால் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கட்டும்.

பதில் 1979இல் இருக்கிறது. கிளப் சுமார் 70 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) கடனில் இருந்தது. ஆண்டு வருமானம் சுமார் 1 கோடியே 20 லட்சம் மார்க்தான். பெக்கன்பவர் ஏற்கெனவே நியூயார்க் போய்விட்டார். முழங்கால் கெட்டுப்போய் ஆட முடியாமல் போன ஹோனஸை, 27 வயதில், மேலாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டிக்கெட்டை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று புரிந்துகொண்டவர் அவர். சட்டை, தொப்பி, கழுத்துத்துண்டு என்று கிளப் பெயரில் விற்கக்கூடியதையெல்லாம் விற்க வழி செய்தார், விளம்பரதாரர்களைத் தேடிப் பிடித்தார். 1984இல் அணியின் பெரிய நட்சத்திரம் கார்ல் ஹைன்ஸ் ரும்மனிகேவை இன்டர் மிலானுக்கு ஒரு கோடி மார்க்குக்கு மேல் விற்றதில் கடன் சுமை இறங்கியது. வெளியிலிருந்து ஒரு கோடீஸ்வரர் வந்து கொட்டிய பணம் இல்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

இன்றும் அப்படித்தான். கிளப்பின் கால்பந்து நிறுவனத்தில் 75 சதவீதப் பங்கு உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்கிறது. மீதி 25 சதவீதத்தை அடிடாஸ், ஆடி கார் நிறுவனம், அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனம் மூன்றும் சமமாக வைத்திருக்கின்றன. உறுப்பினர்கள் 4 லட்சத்துக்கும் மேல். 2005இல் திறந்த அலையன்ஸ் அரீனாவைக் கட்ட ஆன செலவு சுமார் 34 கோடி யூரோ. அதற்காக வாங்கிய கடனை 2014இலேயே, கெடுவுக்குப் பல ஆண்டு முன்னதாக, அடைத்துவிட்டார்கள். அலையன்ஸுக்குப் பங்கு விற்ற பணம் அதற்கு உதவியது. ஹோனஸ் பெயரைச் சொன்னால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொந்த வருமானத்துக்கு வரி ஏய்த்த குற்றத்துக்காக 2014இல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

உங்கள் மகளின் நான்கு பக்கத்தில் கோப்பை ஆண்டுகள்தான் இருக்கின்றன என்கிறீர்கள். அதனால் கர்ட் லண்டவர் என்ற பெயர் அதில் இருக்காது என்று நினைக்கிறேன். அது இல்லாமல் இந்தக் கிளப்பின் வரலாறு முழுமையாகாது. 1932இல் நியூரம்பர்க்கில் ஃப்ராங்க்ஃபர்ட் அணியை 2–0 என்று வென்று பேயர்ன் முதல் முறை ஜெர்மன் சாம்பியன் ஆனபோது கிளப் தலைவர் அவர்தான். யூதர். பயிற்சியாளர் ரிச்சர்ட் டோம்பியும் யூதர். அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சி. 1933 மார்ச்சில் லண்டவர் பதவி விலகினார். பின்னாளில் கிளப்பும் யூத உறுப்பினர்களுக்குக் கதவை மூடியது. 1938 நவம்பரில் அவரைப் பிடித்து டாக்கவ் வதைமுகாமில் அடைத்தார்கள். முதல் உலகப் போரில் சண்டையிட்டவர் என்பதால் சில வாரங்களில் வெளியே வந்து, சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அவருடைய உடன்பிறந்தவர்களில் பலரை நாஜிகள் கொன்றார்கள். போர்க்காலத்தில் பேயர்ன் அணி ஜெனிவாவுக்கு ஆடப் போனபோது, பார்வையாளர் வரிசையில் அவர் இருப்பதைக் கண்ட ஆட்டக்காரர்கள் போய் வணக்கம் சொன்னார்கள். அன்று அது சாதாரணக் காரியம் இல்லை.

1947இல் அவர் மியூனிக் திரும்பினார். தன் குடும்பத்தை அழித்த நாட்டுக்கே திரும்பி, அதே கிளப்புக்கு மீண்டும் தலைவரானார். பிறகு பல காலம் அவரை யாரும் பேசவில்லை. அவர் நினைவை மீட்டவர்கள் அரங்கின் தெற்குப் பக்கத்தில் நின்று பாடும் ரசிகர்கள். பெரிய பதாகைகளில் அவர் முகத்தை வரைந்து விரித்தார்கள். 2013இல் கிளப் அவரைக் கௌரவத் தலைவராக அறிவித்தது. அவர் சிலை இன்று ஸேபனர் தெருவில் உள்ள பயிற்சி மைதானத்தில் இருக்கிறது.

தோல்விகளில் இரண்டைச் சொன்னால் போதும். 1999, பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் கோப்பை இறுதி: மான்செஸ்டர் யுனைடெடுக்கு எதிராக 90 நிமிடம் வரை 1–0 முன்னிலை, அதற்குப் பிறகு நடுவர் சேர்த்த சில நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கித் தோல்வி. 2012: சொந்த அரங்கில் அதே கோப்பையின் இறுதி ஆட்டம், செல்சியிடம் பெனால்டியில் தோல்வி. இரண்டுக்கும் மருந்து சீக்கிரமே வந்தது. 2001இல் மிலனில் வலென்சியாவுக்கு எதிரான ஷூட் அவுட்டில் கோல் காப்பாளர் ஒலிவர் கான் மூன்று பெனால்டியைத் தடுத்தார். 2012இல் கூடுதல் நேரப் பெனால்டியைத் தவறவிட்ட அர்யன் ராபன், 2013இல் வெம்ப்லியில் 89ஆம் நிமிடம் வெற்றி கோல் அடித்தார். கான் பேயர்னுக்காக ஆடிய கடைசி ஆட்டங்களில் ஒன்று நடந்தது நம் நாட்டில்தான். 2008 மே மாதம், கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், மோகன் பகானுக்கு எதிராக, ஒரு லட்சத்துக்கும் அதிகமான கூட்டத்தின் முன்னால்.

பெண்கள் அணியைப் பற்றி அவள் ஒரு நிமிடமாவது பேசினால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. 1955 முதல் 1970 வரை மேற்கு ஜெர்மனியில் கால்பந்துச் சங்கமே பெண்கள் ஆடுவதைத் தடை செய்திருந்தது. தடை நீங்கிய 1970லேயே பேயர்ன் பெண்கள் பிரிவைத் தொடங்கியது. 1976இல் ஜெர்மன் சாம்பியன். அதற்கு அடுத்த பட்டம் 2015இல்தான். 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை லீக் வென்றிருக்கிறார்கள்.

எண்களில் தவறு வருகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன். 34 பட்டங்களில் புண்டஸ்லிகா பட்டம் 33. 1932இல் வென்றது அதற்கு முந்தைய காலத்துப் பட்டம். ஐரோப்பியக் கோப்பை ஆண்டுகள் 1974, 1975, 1976, 2001, 2013, 2020. தொடர்ச்சியாக 11 என்ற வரிசையை 2024இல் உடைத்தது லெவர்குசன், அதுவும் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல்.

வகுப்பில் வீடியோ காட்ட வசதி இருந்தால் 1974இன் அந்த 120ஆம் நிமிடத்தை மட்டும் காட்டட்டும். காட்டிவிட்டு, அந்த உதையை விட்ட ஸ்வார்ட்சென்பெக் பிறகு என்ன செய்தார் என்று சொல்லட்டும். ஆட்டத்தை விட்டதும் மியூனிக்கில் தன் அத்தைமார் நடத்திவந்த காகிதம், பேனா விற்கும் கடையை எடுத்து நடத்தினார். பேயர்ன் அலுவலகத்துக்கு வேண்டிய எழுதுபொருள் பல காலம் அந்தக் கடையிலிருந்துதான் போனது.