புதுச்சேரிப் படகு ஏசிக்கு ஆன்டிஃப்ரீஸ் எதற்கு?

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சுற்றுலாவுக்கு விட ஒரு கேபின் படகைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். உள்ளே 16,000 பிடியூ ஏசி. குளிர்காலத்தில் படகை நிறுத்துமுன் ஏசி குழாய்களில் ஆன்டிஃப்ரீஸ் நிரப்பச் சொல்கிறது கையேடு. மழைக்கு மூன்று மாதம் நிறுத்தப்போகிறேன். கார் கூலண்ட் ஊற்றினால் போதுமா? இன்னொன்று, மத்தியான வெயிலில் பத்து நிமிடம் ஓடி 'ஹெச்.பி.எஃப்.' என்று காட்டி நின்றுவிடுகிறது."

கூலண்ட் வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கையேடு பனி உறையும் ஊர்க்காரர்களுக்கு எழுதியது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். குழாயில் தேங்கியது பனிக்கட்டியாகி, சூட்டை வெளியேற்றும் கண்டன்சரையே பிளந்துவிடும். அதற்குத்தான் ஆன்டிஃப்ரீஸ். நமக்கு ஜனவரி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதோடு கார் கூலண்டில் பொதுவாக இருப்பது எத்திலீன் கிளைக்கால், விஷம். அடுத்த முறை பம்பைப் போட்டதும் அத்தனையும் ஆற்றில்தான் கலக்கும்.

நம் ஊரில் ஏசியைத் தின்பது உப்பும், தேங்கிய கடல்தண்ணீரும்தான். உங்கள் ஏசி கடல்தண்ணீரை இழுத்து, கண்டன்சர் வழியாக ஓட்டிச் சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டுத் துளையில் வெளியே துப்புகிறது. நிறுத்திப் போட்டால் குழாய்க்குள் மாட்டிய தண்ணீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகும். மூன்று மாதம் கழித்து ஸ்ட்ரெய்னர் (குப்பையைத் தடுக்கும் வடிகட்டி) மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது வெறும் நாற்றமல்ல, கண்டன்சரின் செம்பு-நிக்கல் குழாயை அரிக்கிற சல்ஃபைடு. போதாததற்குத் தண்ணீர் இழுக்கும் வாயில் கொட்டலசு (பார்னக்கிள்) மொட்டுமொட்டாக ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஹெச்.பி.எஃப். என்றால் கேஸ் அழுத்தம் எகிறிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் குறைந்ததுதான் காரணம். வீட்டு ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "கேஸ் கம்மி சார்" என்பார். ஏற்றவிடாதீர்கள், அழுத்தம் இன்னும் கூடும். முதலில் ஒரு பக்கெட்டை எடுங்கள். ஒரு டன்னுக்கு, அதாவது 12,000 பிடியூவுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் ஓட வேண்டும். உங்களுடையதற்கு 15 லிட்டர். ஏசி ஓடும்போது வெளியேறும் தண்ணீரை 15 லிட்டர் பக்கெட்டில் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறையாவிட்டால் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள். தேங்காய்த்திட்டு பக்கம் ஓடும் படகென்றால் பிளாஸ்டிக் கவர் துண்டாவது இருக்கும். அதுவும் சுத்தமாக இருந்தால் கண்டன்சருக்குள் படிவு கட்டியிருக்கும்.

படிவை எடுக்க பாத்ரூம் ஆசிட் வேண்டாம், கணக்குத் தப்பினால் குழாயையே தின்றுவிடும். ஒரு டப்பாவில் 20 லிட்டர் நல்ல தண்ணீர் பிடித்து ஒரு கிலோ சிட்ரிக் ஆசிடைக் கரையுங்கள். டப்பாவிலிருந்து பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். கம்ப்ரசரை நிறுத்தி, பம்புக்கு மட்டும் தனி மின் லைன் கொடுத்து, ஒரு மணி நேரம் சுற்றவிடுங்கள். வெளியே வரும் குழாயையும் அதே டப்பாவில் போட்டுவிட்டால் திரும்பத் திரும்ப ஓடும். நுரை அடங்கியதும் நிறுத்தி, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

மழைக்கால நிறுத்தத்துக்கு முன்பும் இந்த அலசல்தான் முக்கிய வேலை. கடல்தண்ணீரை உள்ளே விடும் படகின் அடிவால்வை மூடிவிட்டு, 200 லிட்டர் பேரலை டெக்கில் ஏற்றி, அங்கிருந்து ஸ்ட்ரெய்னருக்கு ஹோஸ் கொடுங்கள். பேரல் உயரத்தில்தான் இருக்க வேண்டும். இந்தப் பம்ப் கீழிருந்து தானாக உறிஞ்சாது. பதின்மூன்று நிமிடம் போல ஓடும். தண்ணீர் தீருமுன் நிறுத்திவிடுங்கள். கடலோரத்து போர் தண்ணீர் கரிக்கும், அதில் அலசுவதும் ஒன்றுதான் அலசாததும் ஒன்றுதான். லாரித் தண்ணீர் வாங்குங்கள். அப்புறம் ஹோஸின் தாழ்ந்த இடத்தைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். வெளித்துளையில் துணி அடையுங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும்.

அடிவால்வு மூடியே இருக்கட்டும். ஏசிக்காக மட்டும் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெங்கல்' புயல், இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. துருப்பிடித்த ஒரு ஹோஸ் கிளிப் அந்த ஆட்டத்தில் நழுவினால் போதும், திறந்த வால்வு வழியாகப் படகு அமிழ்ந்துவிடும்.

ஆள் போய்வர வசதி இருந்து, கரை மின்சாரமும் கிடைத்தால், மழை விட்ட நாளில் வால்வைத் திறந்து வாரம் அரை மணி நேரம் ஏசியை ஓட்டிவிட்டு மறுபடி மூடுவதே எனக்குப் பிடித்த வழி. கேபின் ஈரமும் காயும், பூஞ்சையும் பிடிக்காது. அப்படியானால் அலசி வடிப்பதைப் புயல் அறிவிப்பு வரும்போது செய்தால் போதும்.

உள்பக்க வேலை சின்னதுதான். காற்று இழுக்கும் ஃபில்டரைக் கழுவிக் காயவையுங்கள், சொட்டுத்தண்ணீர்த் தட்டைத் துடையுங்கள். அந்தத் தட்டின் குழாய் எங்கே முடிகிறது என்று மட்டும் நிதானமாகப் பாருங்கள். இன்ஜின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் முடிந்தால் இன்றே மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு அதன் வழியாகக் கேபினுக்குள் ஏறும். பயணிகளை ஏற்றுகிறீர்கள்.

படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டுவதாக இருந்தால் ஏப்ரல் 15-க்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். அன்று தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்கக் கரையேறும், உங்களுக்கு இடம் கிடைக்காது.

ஜனவரியில் திறக்கும்போது நான் ஒருமுறை அடிவால்வைத் திறக்க மறந்து ஸ்விட்சைப் போட்டேன். தண்ணீர் இல்லாமல் சுற்றிய பம்ப், தீய்ந்த பிளாஸ்டிக் வாடையோடு நின்றது. அன்றிலிருந்து வால்வை மூடியதும் ஒரு சிவப்புத் துணியை ஏசி ஸ்விட்சில் கட்டிவிடுகிறேன். வால்வைத் திறந்த பிறகுதான் அவிழ்ப்பது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு முதலில் வெளியே எட்டிப் பார்ப்பேன், தண்ணீர் கொட்டுகிறதா என்று.