சிவப்பு மை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் டெக்ஸாஸில் இருக்கிறேன். என் தம்பி மாணவர் விசாவில் இங்கே வந்தவன். தமிழ் உட்படச் சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட ‘மாவ்னி’ திட்டத்தில் 2010இல் சேர்ந்தான். குடியுரிமையும் கிடைத்தது. 2012இல் காந்தஹாருக்குப் போய்விட்டு வந்தபின் ஆளே மாறிவிட்டான். கஞ்சா பரிசோதனையில் மாட்டினான். சொல்லாமல் கொள்ளாமல் முகாமைவிட்டுப் போனான். 2014இல் ‘அதர் தேன் ஹானரபிள்’, அதாவது கண்ணியமற்ற விடுவிப்பு என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள். படிப்புக்கான உதவித்தொகை போயிற்று. அந்தக் காகிதத்தைப் பார்த்தால் வேலை கொடுக்கிறவர்களும் தயங்குகிறார்கள். அந்த விடுவிப்பின் தகுதியை உயர்த்தித் தரும்படி ராணுவத்திடம் மனு போடலாமாம். தப்பு செய்துவிட்டு நல்ல சான்றிதழ் கேட்பது நியாயமா? குடியுரிமைக்கு ஆபத்து வருமா? ஊரில் இருக்கும் அப்பாவிடம் என்ன சொல்வது? நான் எழுதிய மனுவை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குடியுரிமையை முதலில் முடித்துவிடுகிறேன். ராணுவச் சேவையால் கிடைத்த குடியுரிமையை, ஐந்து வருடம் நல்லபடியாகப் பணியாற்றுமுன் இப்படி வெளியேற்றப்பட்டால் பறிக்க அங்கே சட்டத்தில் இடமுண்டு. மனு போடுமுன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. அப்பா விஷயம், இத்தனை வருடம் சமாளித்தவருக்கு நான் என்ன சொல்லித்தர?

உங்கள் கடிதம் வந்த சமயம் எங்கள் தெருவில் இருந்த ஒரு பட்டாளத்துக்காரரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா முறை. ட்ரங்குப் பெட்டியோடு ஒரு நாள் வந்து சேர்ந்தார். வாலண்டரி வாங்கிவிட்டதாகச் சொன்னார். பொய் என்று ஊர் கண்டுபிடித்தது பொங்கலுக்கு. மற்ற மிலிட்டரிக்காரர்கள் வீட்டில் கேண்டீன் ரம் வந்து இறங்கியது, இவர் வீட்டில் இல்லை. ஒழுங்கீனத்துக்காக அனுப்பப்பட்டவர் முன்னாள் ராணுவத்தினர் கணக்கிலேயே வரமாட்டார். கேண்டீன் கார்டு எங்கிருந்து வரும்? பதினைந்து வருடம் முடியாததால் பென்ஷனும் கிடையாது.

அவர் செய்த குற்றம், லீவு முடிந்தும் திரும்பாமல் இருந்தது. நாலு தடவை. நாலும் தண்டனையாக அவருடைய சேவைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறிவிட்டது. ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்பார்கள். சோம்பேறி, பெண்டாட்டி முந்தானையை விடாதவன் என்று ஊர் பேசியது. அந்தச் சித்தி என் அம்மாவிடம் சொன்னது வேறு. புளியோதரை கட்டிக்கொடுத்து அனுப்புவாளாம். ஜங்ஷன்வரை போய், ரயில் கிளம்புகிறவரை பிளாட்பாரத்தில் நின்றுவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பி வந்துவிடுவாராம். ரயிலில் கால் வைக்கவிடாமல் தடுத்தது எது என்று அவரைப் பட்டாளமும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாலு சிவப்பு மை இருந்தாலே ஒருவரைத் தானாக அனுப்பிவிட முடியாது, சூழ்நிலையையும் சேவையையும் பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதற்குள் சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அமெரிக்காவும் சீக்கிரம் விழித்துக்கொள்ளவில்லை. போரின் அதிர்ச்சியால் வரும் பாதிப்பு மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றதே 1980இல். வியட்நாமிலிருந்து திரும்பி, குடித்து, ஓடி, துரத்தப்பட்டவர்களுக்கு அது உதவவில்லை. அவர்களில் சிலர் வழக்குப் போட்டபிறகுதான் 2014 செப்டம்பரில் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், இத்தகைய மனுக்களைத் தாராள மனத்தோடு பாருங்கள் என்று அவற்றை விசாரிக்கும் ராணுவ வாரியங்களுக்கு எழுதினார். 2017இல் இன்னும் விரிவாக ஒரு குறிப்பு வந்தது. அதில் நாலு கேள்விகள். குற்றத்தைக் குறைத்துப் பார்க்கவைக்கும் பாதிப்போ அனுபவமோ இருந்ததா? அது சேவைக் காலத்தில் இருந்ததா? நடந்த தவறை அது உண்மையில் விளக்குகிறதா? வெளியேற்றக் காரணத்தைவிட அதன் எடை அதிகமா? பாதிப்பு இருந்தது என்பதற்கு அந்த ஆளின் வாக்குமூலமே சான்றாகலாம் என்றும் அதில் இருக்கிறது. 2018இல் வந்த குறிப்பு, கண்ணியமான விடுவிப்புக்குக் குறையே இல்லாத சேவை தேவையில்லை என்கிறது. நியாயமா என்று கேட்டீர்களே, உங்கள் தம்பியைத் துரத்திய நிர்வாகமே உங்களைவிடப் பெரிய மனதோடு எழுதி வைத்திருக்கிறது.

உங்கள் மனுவுக்கு வருகிறேன். படித்ததும் கோபம்தான் வந்தது. முதல் பத்தியில் அப்பா தலைமையாசிரியர், நல்லாசிரியர் விருது வாங்கியவர். இரண்டாவதில் குடும்பத்தின் மரியாதை. மூன்றாவதில் நீங்கள் பார்க்கும் வேலை. கஞ்சாவை ‘கூடாநட்பு’ என்று ஒரே வார்த்தையில் தாண்டியிருக்கிறீர்கள். காந்தஹார் ஊர்ப்பெயராக ஒரு இடத்தில் வருகிறது, அவ்வளவுதான். சரக்கு லாரி ஓட்டினான் என்று எனக்கு எழுதிய கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்களே, அது மனுவில் எங்கே? அந்தச் சாலைகளில் என்ன பார்த்தான்? எப்போதிலிருந்து தூங்கவில்லை? எது முதலில், தூக்கம் கெட்டதா, புகைத்ததா? வாரியம் இதைத்தான் தேடும். இது இல்லாமல் போனால் அவர்கள் கையில் மிஞ்சுவது பரிசோதனைத் தாளும் முகாமைவிட்டுப் போன தேதியும்தான். சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டீர்களா?

பொய்யும் வேண்டாம். புகைத்தான், போனான், இரண்டையும் தேதியோடு ஒப்புக்கொள்ளட்டும். ஆறு மாதத்தில் காகிதம் தானாகவே மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ராணுவத்தில் ரொம்ப நாளாகச் சுற்றும் கட்டுக்கதை அது. மறுஆய்வு வாரியத்துக்கு டிடி 293 படிவம், பதினைந்து வருடத்துக்குள், அதாவது அவனுக்கு 2029வரை. நேரில் பேசவும் வாய்ப்பு கேட்கலாம். அதற்கு முன் அவனுடைய மருத்துவக் கோப்பை வரவழையுங்கள், கூட லாரி ஓட்டினவர்களிடம் கடிதம் வாங்குங்கள். இன்னொன்று, போர்முனையில் இருந்தவர்களுக்கு இந்தக் காகிதத்தோடேயே முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை உண்டு. 2018இல் சட்டமாகவே வந்துவிட்டது. மனு ஜெயிக்கட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

மனுவை அவனே எழுதட்டும். தமிழில் சொன்னாலும் சரி, நீங்கள் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். நல்லாசிரியர் விருதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.