கணையம் தன்னையே ஏன் செரிப்பதில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணையநீர் இறைச்சியையே கரைத்துவிடும் என்று செரிமானக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். கணையமும் சதைதானே? கணைய அழற்சியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட என் மைத்துனரைப் பற்றி, "கணையத்தை அதன் நீரே அரித்துவிட்டது" என்றார் மருத்துவர். மற்றவர்களுக்கு ஏன் அப்படி நேர்வதில்லை?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

மருத்துவர் சொன்னது மிகையல்ல. இந்நோய் கணையத்தின் தற்செரிமானமே என்று பிராக் நகரில் பணியாற்றிய நோயியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி 1896லேயே எழுதிவிட்டார்.

மற்றவர்கள் தப்புவதற்கு முதற்காரணம், புரதத்தை வெட்டும் நொதிகளைக் கணையம் செயல்படும் நிலையில் சுரப்பதில்லை என்பதே. கணையச் செல்லில் உருவாவது டிரிப்சின் என்ற அந்த வெட்டும் நொதி அல்ல, அதன் செயல்படாத முன்வடிவமான டிரிப்சினோஜன். அதன் முனையில் எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு தொடர் ஒன்று கூடுதலாக இருக்கும். முன்சிறுகுடலை அடைந்தபின், குடற்சுவரின் செல்களில் பதிந்திருக்கும் என்டரோபெப்டிடேஸ் என்ற நொதி அத்தொடரை அறுத்துவிடுகிறது. உறையிலிருந்து உருவிய கத்தி என்று இதை விளக்குவார்கள். எனக்கு அதில் நிறைவில்லை, ஏனெனில் உறைக்குள்ளும் கத்தி கத்தியாகவே இருக்கிறது, டிரிப்சினோஜனிலோ புரதத்தைப் பற்றும் குழிவே முழுமையாக அமைந்திருப்பதில்லை. தொடர் அறுபட்டதும் வெளிப்படும் புதிய முனை மூலக்கூறின் உட்புறமாகத் திரும்பி ஓர் அஸ்பார்டிக் அமிலத்துடன் பிணையும்போதுதான் அக்குழிவு உருப்பெறுகிறது. இப்படி உருவான டிரிப்சின், அடுத்தடுத்த டிரிப்சினோஜன்களையும் கைமோடிரிப்சினோஜன் போன்ற பிற முன்வடிவங்களையும் தானே வெட்டி முடுக்கிவிடுகிறது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கணையத்துக்குள்ளேயே சில மூலக்கூறுகள் முடுக்கம் பெற்றுவிட்டால் மற்றவையும் தொடரக்கூடும் என்பதால், டிரிப்சினின் வாயை அடைக்கும் ஒரு தடுப்புப் புரதத்தையும் கணையம் சேர்த்தே சுரக்கிறது. பித்தக்கல் நாளத்தை அடைக்கும்போதும் மதுவால் செல்கள் சிதையும்போதும் இந்தக் காவல் போதாமல் போகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளவயதிலேயே கணையத்தில் கற்களுடன் தோன்றும் நாட்பட்ட அழற்சி நோயாளிகள் பலரிடம், இத்தடுப்புப் புரதத்துக்கான மரபணுவிலேயே மாற்றம் காணப்பட்டிருக்கிறது.

மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸுக்கு இத்தனை முன்னெச்சரிக்கை இல்லை. கணையம் மாவுச்சத்தால் ஆனதல்ல. அமைலேஸ் செயல்படும் நிலையிலேயே சுரந்து, செல்கள் சேதமடையும்போது இரத்தத்தில் கலக்கிறது. மைத்துனரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அமைலேஸ் அல்லது கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதியின் அளவைக் குறித்திருப்பார்கள். உரிய வயிற்றுவலியோடு இவற்றுள் ஒன்று இயல்பின் மேல்வரம்பைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், திடீர்க் கணைய அழற்சி என்று மருத்துவர்கள் முடிவுசெய்வார்கள். ஆனால் அந்த எண் எவ்வளவு பெரியது என்பதைக் கொண்டு நோயின் கடுமையை அளக்க முடியாது. அறிக்கையைப் பார்த்து வீட்டார் கலங்க வேண்டியதில்லை.