மவராசர் யார், தம்பி?

கேள்வி: எனக்கு வயது 31. ஐ.டி. வேலையை இரண்டு வருடத்துக்கு முன் விட்டுவிட்டேன். கிதாரோடு சொந்தமாக நாட்டுப்புறச் சாயலில் பாட்டு எழுதிப் பாடுகிறேன். இந்திராநகர், கோரமங்களா பக்கம் கஃபேக்களில் பாடினால் ஒரு ராத்திரிக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிடைக்கும். தாளம் வாசிக்கும் நண்பனுக்குக் கொடுத்தது போக மீதி பெட்ரோலுக்கும் ரெக்கார்டிங்குக்கும் சரியாகிவிடும். பாதிப் பேர் சினிமாப் பாட்டுதான் கேட்கிறார்கள். சில வாரம் ஒரு வரிகூட எழுத வராது. போன தீபாவளிக்கு வெளியிட்ட பாட்டு ஒன்றுதான் நன்றாக ஓடியது. மூன்று வருடம் முன்பு கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில் என் மாமா இறந்தபோது (அப்பாவால் அன்று வர முடியவில்லை, நான்தான் போனேன்) அத்தை அழுது பாடியதை போனில் பதிவு செய்திருந்தேன். அதில் இரண்டு வரியை எடுத்து, காதலிக்காகக் காத்திருப்பவன் பாடுவதுபோல் மீதியை நான் எழுதினேன். 'கோடிச் சேலை கொண்டுவர கூடப்பொறந்தார் காணலையே, மாரிக்குப்பம் ரயிலு வந்தும் மவராசர் எறங்கலையே' என்பதுதான் அந்த வரி. ஆரம்பத்தில் அத்தையின் குரலே சில விநாடி வரும். இப்போது கூட்டமே சேர்ந்து பாடுகிறது. மே மாதம் கோரமங்களாவில் பெரிய நிகழ்ச்சி, எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. வேலையை விட்டதில் அப்பாவுக்குக் கோபம். அதுவரை திட்டிக்கொண்டாவது பேசியவர், தீபாவளியிலிருந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்மா நடுவில் அழுகிறார். பாட்டை விடுவதா, வேலைக்குத் திரும்புவதா?
– பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு.

பதில்: வேலையை விட்டேன், கலைக்கு வந்தேன், அப்பாவுக்குப் புரியவில்லை என்று மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் வருகிறது. பெயரையும் வாத்தியத்தையும் மாற்றினால் எல்லாம் ஒரே கடிதம்தான். உங்களுடையதையும் அப்படித்தான் பாதி வரை படித்தேன். அப்புறம் அந்த அடைப்புக்குறி வந்தது. 'அப்பாவால் அன்று வர முடியவில்லை, நான்தான் போனேன்.' இவ்வளவு பெரிய விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, சினிமாப் பாட்டு கேட்கிறார்களே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். வேலையை விட்டு இரண்டு வருடம். அப்பா வாயை மூடிக்கொண்டது தீபாவளியிலிருந்து. இடையில் ஒன்றரை வருடம் திட்டினார், முனகினார், ஆனால் பேசினார். பிறகு என்ன நடந்தது? நீங்கள் ஒரு பாட்டை வெளியிட்டீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஜோசியர் வேண்டாம். ஐ.டி.யில் இருந்தவருக்கு இது எப்படிக் கண்ணில் படவில்லை என்றுதான் தெரியவில்லை.

கோடிச் சேலை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல்தான் பாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். புருஷன் செத்த வீட்டில், தாலி இறங்கப்போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வரும். அண்ணனோ தம்பியோதான் கொண்டு வருவார்கள். ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறும். ஆனால் கூடப்பிறந்தவன் வந்து நிற்க வேண்டும் என்பது எங்கும் மாறாது. புருஷன் போனாலும் உனக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஊரார் முன்னால் அந்தப் பெண்ணுக்குச் சொல்கிற முறை அது. இந்த முறைகளில் பலவற்றை நான் ஏற்பதில்லை. தாலி இறக்குவதையும் பூவைப் பறிப்பதையும் இன்றைக்கே நிறுத்தினாலும் சந்தோஷப்படுவேன். ஆனால் தங்கச்சி அழும்போது அண்ணன் போய் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உங்கள் அத்தைக்கு அன்று சேலையும் வரவில்லை, அண்ணனும் வரவில்லை. 'கூடப்பொறந்தார் காணலையே.' ரயில் வந்து நின்றது, மவராசர் இறங்கவில்லை. அந்த மவராசர் உங்கள் அப்பா, தம்பி. இந்திராநகரில் கையில் கிளாஸோடு நாற்பது பேர் சேர்ந்து பாடுகிறார்களே, அது உங்கள் அப்பா மேல் அவர் தங்கச்சி வைத்த வழக்கு. வழக்கைக் காதல் பாட்டாக்கி, தீபாவளிக்கு வெளியிட்டு, தொடக்கத்தில் தங்கச்சியின் குரலையே வைத்திருக்கிறீர்கள். வேறு யாருக்கு அது யார் குரல் என்று தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியாதா? கூடவே வளர்ந்த குரல். பிள்ளை சொல்லிக் காட்டுகிறான் என்று நினைத்திருப்பார். அல்லது பிள்ளைக்கு இதுகூடப் புரியவில்லையே என்று நினைத்திருப்பார். எது மோசம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அவர் ஏன் அன்று போகவில்லை என்று உங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு கேட்கவும் இல்லை. காசுத் தகராறோ, பழைய பேச்சோ, உடம்பு முடியாமலோ, எதுவாகவும் இருக்கலாம். அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. போகாதது தப்புதான். அந்தத் தப்பு அவரை அரித்துக்கொண்டிருக்கும்போது அதற்கு மெட்டுப் போட்டு வீட்டுக்குள் ஓடவிட்டால் அவர் எப்படிப் பேசுவார்?

சரி, இப்போது அத்தைக்கு வருவோம். நாலு பக்கக் கடிதத்தில் அவர் அழுதார், பாடினார், முடிந்தது. இப்போது எப்படி இருக்கிறார், யார் பார்த்துக்கொள்கிறார்கள், ஒன்றும் இல்லை. பாட்டு வந்திருப்பது அவருக்குத் தெரியுமா என்பதும் இல்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். அதனால் தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சாவு வீட்டில் போனை நீட்டிப் பதிவு செய்ததையே முதலில் கேட்கிறேன். அண்ணன் மகனாக அங்கே போனவர் நீங்கள். அப்பா வராத இடத்தில் அப்பாவின் ஆளாக நின்றவர். கையில் ஒரு சேலை இருந்திருக்க வேண்டியது, போன் இருந்திருக்கிறது. ஒப்பாரியைச் சேகரிக்கப் போகிற ஆய்வாளர்களைக் கேட்டுப் பாருங்கள். சாவு இல்லாத வீட்டில், விளக்கு எரியும் வீட்டில் ஒப்பாரி பாடு என்றால் நிறையப் பெண்கள் பாட மாட்டார்கள். வீட்டுக்கு ஆகாது என்பார்கள். கெஞ்சினால் ஊருக்கு வெளியே தோப்புக்கோ வயலுக்கோ கூட்டிப்போய்ப் பாடிக் காட்டுவார்கள். எதை எங்கே பாடலாம் என்று அந்தப் பெண்களுக்கு அவ்வளவு கறாரான கணக்கு இருக்கிறது. உங்கள் அத்தைக்கு அந்தக் கணக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதே இல்லை. ராத்திரிக்கு ராத்திரி ஸ்பீக்கரில் போடுகிறீர்கள்.

'நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியர் ஏது, அது எல்லோருக்கும் பொது' என்று பதில் சொல்வீர்கள். உங்களைப் போன்ற பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மெட்டு பொது, ஒத்துக்கொள்கிறேன். ஒப்பாரியின் இழுப்பும், 'பொன்னான', 'ராசாவே' என்கிற எடுப்புகளும் பாட்டிக்குப் பாட்டி வந்தவைதான். ஆனால் நல்ல ஒப்பாரிக்காரி அந்தப் பழைய சட்டத்துக்குள் தன் கதையை அந்த நிமிடத்தில் கட்டிப் பாடுவாள். வேறு எந்த நாளும் வாய் திறந்து சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்குக் கிடைக்கிற ஒரே இடம் அது. மாமியார் செய்தது, அண்ணன் செய்யாதது எல்லாம் அங்கே வரும். அழுகை என்பதால் யாரும் குறுக்கே பேச முடியாது. மாரிக்குப்பம் ரயிலை வைத்து எந்தப் பாட்டியும் பாடி வைத்துவிட்டுப் போகவில்லை. அந்த வரியைக் கட்டியவர் உங்கள் அத்தை. சொல், இசை என்ற இரண்டு இடத்திலும் யார் பெயர் போட்டிருக்கிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை, நானே கேட்டுப் பார்த்தேன். இரண்டிலும் உங்கள் பெயர். அந்தக் குரலுக்கு யார் பெயரும் இல்லை.

ஒழுக்கம் பேசினால் ஏறாது என்றால் சட்டம் சொல்கிறேன். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுபவருக்கென்று தனி உரிமை இருக்கிறது, அது 50 வருடம் நிற்கும். பெரிய மேடையில் பாடினால்தான் என்று இல்லை. நேரில் பாடிய எதுவும் அதில் வரும். அவருடைய சம்மதம் இல்லாமல் அந்தப் பதிவைப் பிரதி எடுத்து விற்பது அந்த உரிமையை மீறுவது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடியவர் என்று பெயர் சொல்லப்படும் உரிமையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பாட்டை யாராவது விளம்பரத்தில் எடுத்துப் போட்டால் இதே சட்டத்தைத்தான் நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி வயல் வேலை செய்தவர். வானொலியில் பாடி, 1985-இல் சினிமாவுக்கும் வந்தார். போன இடமெல்லாம் அவர் பெயரோடு ஊர்ப் பெயரும் போனது. உங்கள் அத்தைக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

அந்த ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாமா சுரங்கத்தில் வேலை பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் பார்க்காவிட்டால் அவர் அப்பா பார்த்திருப்பார்; மாரிக்குப்பத்தில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் நிலைமை அதுதான். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் வந்து, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்துக் கொடுத்துவிட்டு, லைன் வீட்டில் இருமிக்கொண்டு செத்தவர்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து அந்த ஊருக்குச் சோறு போடுவது பெங்களூருக்கு வரும் ரயில். விடிவதற்கு முன் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிற ஆயிரக்கணக்கான பேருக்கு மாரிக்குப்பம் ரயில் அதுதான். எல்லோர் வீட்டு ஆளையும் கொண்டு வந்து இறக்குகிற ரயில் என் அண்ணனை இறக்கவில்லையே என்று அந்த அம்மா பாடியிருக்கிறார். உங்கள் பாட்டில் அது காதலி வராத ரயில் ஆகிவிட்டது. பாட்டாகப் பார்த்தாலும் அது நஷ்டம்தான். அத்தையின் இரண்டு வரியையும் எடுத்துவிட்டு உங்கள் பன்னிரண்டு வரியைத் தனியாகப் படித்துப் பாருங்கள். எழுத வராத வாரங்களைப் பற்றி அவ்வளவு புலம்பியிருக்கிறீர்களே, அதற்கான காரணமும் அங்கே கிடைக்கலாம்.

என்ன செய்வது என்று கேளுங்கள். முதலில் அப்பாவிடம் போய் உட்காருங்கள். வேலை பேச்சையே எடுக்காதீர்கள். 'அந்த வரி உங்களைச் சொல்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை அப்பா' என்று மட்டும் சொல்லுங்கள். உடனே பேச மாட்டார். எழுந்து போனாலும் போவார். மறுநாள் 'அத்தையைப் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா?' என்று கேளுங்கள். கண்டோன்மென்ட்டில் ஏறினால் பங்காரப்பேட்டையில் பிரிந்து, கோரமண்டல், உரிகம், சாம்பியன் தாண்டி அந்த ரயிலே கொண்டுபோய் விட்டுவிடும். வந்தால் அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். அண்ணனும் தங்கச்சியும் என்ன பேசினாலும், சண்டையே போட்டாலும், வெளியே டீக்கடையில் நில்லுங்கள். அன்றைக்குப் பாட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது. மூன்று வருடம் கழித்துச் சேலை வாங்கிக்கொண்டு போய் நாடகம் ஆடவும் வேண்டாம். அத்தைக்கு மாத்திரை மருந்து என்ன தேவை, வீட்டுக்கு என்ன தேவை என்று பார்த்து அதைச் செய்யுங்கள்.

அப்பா வரமாட்டேன் என்றால் தனியாகப் போங்கள். வற்புறுத்திக் கூட்டிப்போகிற வயது அவருக்கு இல்லை.

பாட்டுப் பேச்சு அடுத்த முறை போகும்போது. நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள்: பதிவு செய்தேன், கேட்காமல் போட்டேன், இவ்வளவு பேர் கேட்டார்கள், இவ்வளவு பணம் வந்தது. பணம் சொற்பம் என்று எனக்கும் தெரியும். சொற்பமாக இருந்தாலும் கணக்கைச் சொல்ல வேண்டும். பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டுவதென்றால் அந்த வீட்டுக்குள் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அத்தை சம்மதித்தால், சொல்லிலும் குரலிலும் அவர் பெயர், ஊர் சேர்த்து, உங்கள் பெயருக்கு முன்னால். பாட்டு வெளியாகிவிட்டது, இனி முடியாது என்று சாக்குச் சொல்லாதீர்கள். வெளியிட்டுக் கொடுத்தவர்களுக்கு எழுதினால் விவரங்களைத் திருத்துவார்கள். ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் உரிமைச் சங்கத்தில் பாட்டைப் பதிவு செய்திருந்தால் அங்கேயும் பங்கை மாற்றி எழுதுங்கள். முதல் நாளிலிருந்து வந்த பணத்தில் பாதியை அவர் பேங்க் கணக்கில் போடுங்கள். அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்று வேண்டாம்.

'பெயர் எதுக்குப்பா, நீ நல்லா இருந்தா போதும்' என்று அத்தை சொல்லக்கூடும். நம் வீட்டுப் பெண்கள் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திரும்பி வராதீர்கள். பெயரைப் போடுங்கள்.

பாட்டே வேண்டாம் என்று அத்தை சொன்னால் எடுத்துவிட வேண்டும். எல்லா இடத்திலிருந்தும், உங்கள் போனிலிருந்தும்.

வேலைக்குத் திரும்புவதா என்பதற்குப் பெரிய பதில் கிடையாது. 31 வயதில் அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அம்மா கையில் ஒரு ரூபாய் கொடுத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. பாதி நேர வேலை ஒன்று பாருங்கள். இந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த தொழிலுக்கு அது கிடைக்காமல் போகாது. மாதம் ஒரு தொகையை அம்மாவிடம் கொடுங்கள். சாயங்காலம் பாடுங்கள். சினிமாப் பாட்டு கேட்டால் ஒன்றிரண்டு பாடிவிட்டுப் போங்கள், குடி முழுகிவிடாது.

மே மாத நிகழ்ச்சிக்கு முன்னால் மாரிக்குப்பத்துக்கு இரண்டு தடவை போய் வரவேண்டியிருக்கிறது. அத்தை பதில் சொல்லாத வரைக்கும் அந்தப் பாட்டை மேடையில் எடுக்காதீர்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் இப்போதே போன் செய்து, பட்டியலில் அது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.