உப்புப் பூக்கும் நிலம், அழுகும் மிளகாய் நாற்று

தேவிபட்டினம் பக்கம் ஒரு ஏக்கர், மண்ணில் உப்புப் பூக்கிறது, போன ஐப்பசி மழையில் முண்டு மிளகாய் நாற்று தண்டழுகிச் சாய்ந்தது, இந்த வருஷமும் வானத்தை நம்பி இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பி இறங்குங்கள். ஆனால் மழைக்கு முன்பே வேலை முடிய வேண்டும்.

ஆவணித் தூறலில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். வரப்பை உயர்த்துங்கள். முதல் கனமழையை இரண்டு நாள் வயலில் தேக்கி, பிறகு மடையைத் திறந்து ஓடைக்கு வடித்துவிடுங்கள். கரைந்த உப்பு அதோடு போகும். வடிகால் இல்லாமல் தேக்கினால் உப்பு கீழே இறங்கி, தை வெயிலில் திரும்ப மேலே வரும். அதனால்தான் மழை ஓய்ந்ததும் செடியடியில் மூடாக்கு அவசியம், பனையோலையே போதும்.

நாற்று அழுகியதற்கு நீர் தேங்கியதும் நெருக்க விதைப்பும்தான் காரணமாக இருக்கும். பாத்தியை அரை அடி உயர்த்தி, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து, நாலு விரல் இடைவெளியில் வரிசையாக விதையுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், மக்கிய தொழுவுரம் மட்டும். பூவாளியால் காலையில் தண்ணீர். கிணறு கரித்தால் நாற்றங்காலுக்கு ஊருணித் தண்ணீர்தான்.