மூத்தவனின் இருமலைக் கவனியுங்கள்

கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் போட்டுக்கொண்ட டிடாப் தடுப்பூசி தாய்ப்பாலில் கலந்து, பிறந்து 22 நாளான குழந்தைக்குத் தீங்கு செய்யுமோ என்று கடிதம் முழுவதும் அஞ்சியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்ததோ, நான்கு வயது மகன் இரண்டு வாரமாக இருமுகிறான் என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒற்றை வரி.

அந்த ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. இரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகியவற்றுக்கு எதிராக அதனால் உங்கள் உடலில் உருவான எதிர்ப்புப் புரதங்கள், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் இரத்தத்தைச் சென்றடைகின்றன. 27 முதல் 36 வாரங்களுக்குள் இதைப் போடச் சொல்வது அதற்காகத்தான். தாய்ப்பாலில் வருபவை பெரும்பாலும் வேறு வகை: அவை இரத்தத்தில் கலப்பதைவிட, குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் தங்கிக் காவல் செய்கின்றன. வாட்ஸ்அப்பில் யாரோ பேசியதைக் கேட்டு அந்தப் பாலைப் பீய்ச்சிக் கொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கையில் கோபம் வந்தது. இப்போதே பாலூட்டத் தொடங்குங்கள். பிரசவத்துக்குப் பின் போட்ட ரூபெல்லா ஊசிக்காகவும் நிறுத்த வேண்டியதில்லை. ஊசி போட்ட கையில் எஞ்சியிருக்கும் சிறு தடிப்பு தானே கரைந்துவிடும்.

மூத்தவனின் இருமலுக்கு வருகிறேன். அது கக்குவானாக இருக்கலாம். உங்களிடமிருந்து குழந்தை பெற்ற பாதுகாப்பு பெரிது, ஆனால் முழுமையானதன்று. கக்குவான் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலண்ட் ஊசியின் முதல் தவணையோ ஆறாவது வாரத்தில்தான். கக்குவான் இருமல் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் வீட்டிலிருப்பவர்களிடமிருந்தே தொற்றுகிறது. இந்த வயதில், பெரிய பிள்ளைகளைப் போல மூச்சை இழுத்து ஒலியெழுப்பும் இருமல் வராமலே போகலாம். பால் குடிக்கும்போதோ உறங்கும்போதோ மூச்சு நின்று நின்று வருவதும், உதடும் முகமும் நீலம் பாய்வதுமே நீங்கள் பார்க்க வேண்டியவை. ஒரே ஒரு முறை நேர்ந்து, உடனே சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும், நள்ளிரவென்று பாராமல் குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூத்தவனை நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கக்குவானையும் தடுக்க ஒன்றரை வயதில் போடும் டிபிடி ஊக்க ஊசி விடுபட்டதா என்று தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் சென்று பாருங்கள். கக்குவான் என்ற ஐயம் எழுந்தால், குழந்தை உட்பட வீட்டிலுள்ள அனைவருக்கும் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அதைப் பரிசோதிப்பவர் முடிவு செய்யட்டும், மருந்துக்கடைக்காரர் அல்லர். அதுவரை அவன் குழந்தையின் அருகில் படுக்கவோ முத்தமிடவோ வேண்டாம்.

அவனுடைய இருமல் சிரப்பில் இரண்டு சொட்டு குழந்தைக்குத் தரலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் தரக்கூடாது என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மூத்தவனுக்கும் அந்தச் சிரப்பை, மருத்துவர் பார்க்கும்வரை நிறுத்திவையுங்கள்.